நல்லெண்ணெயில் குழைத்த மேகம்

அம்மாவின் போனில் கணக்குப் பாடம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மேகம் வந்தது. அடியில் விரற்கடை அளவு வயல், ஒற்றை மரம். மற்றபடி முழுக்க மழைக்கு முந்தைய வானம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வரைந்த ஆயில் பெயிண்டிங். கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. படிக்கவில்லை. நானும் இதை வரைந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது, அதற்குமேல் எதைப் படிப்பது? ஏழாம் வகுப்பில் எனக்கு எது தோன்றினாலும் அது முடிந்த மாதிரிதான்.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையில் ஆயில் பெயிண்ட் என்றால் கதவுக்கு அடிப்பது. பள்ளி ஓவியக் கண்காட்சிக்கு அதில் படம் தருகிறேன் என்று வகுப்பே கேட்கும்படி டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

“தொட்டா கையில ஒட்டக் கூடாதும்மா. காஞ்சிருக்கணும்.”

திருச்சிச் சித்தி வாங்கி வந்த பெட்டியில் பன்னிரண்டு டியூப் இருந்தன; எண்ணெய் இல்லை. போனில் தேடிப் பார்த்த வீடியோவில் பேசியவர் எண்ணெய் விட்டுக் குழைக்கச் சொன்னார். என்ன எண்ணெய் என்பது இங்கிலீஷில் வேகமாகப் போய்விட்டது. அடுப்படியில் செக்கு நல்லெண்ணெய் இருந்தது. தோசைக்கு ஆவது மேகத்துக்கு ஆகாதா?

போனிலிருந்த படத்தைப் பதினெட்டுக் கட்டமாகப் பிரித்து, அட்டையிலும் அதேபோல் கோடு போட்டு, ஒரு நாளைக்கு ஒரு கட்டம் என்று வரைந்தேன். “இன்னைக்கு எத்தனாவது மேகம்க்கா?” என்று தம்பி தினமும் விசாரித்தான். எண்ணெய் ஏன் இம்புட்டு வேகமாகக் குறைகிறது என்று அம்மா அவனைத்தான் சந்தேகப்பட்டார்.

அப்பா ஒருநாள் நின்று பார்த்தார். “இது பெய்யாது. அடியில இருட்டு பத்தல.”

“அப்புடியே இருக்குப்பா, பாருங்க” என்று போனை நீட்டினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நிலக்கடலையைச் செடியிலிருந்து ஆய்ந்து மாடியில் காயப் போட்டிருந்த நேரம். வானத்தை விட்டால் அவருக்கு வேறு கவனம் கிடையாது.

படம் முடிந்தது, காயவில்லை. நாலு நாள் ஃபேனுக்கடியில் வைத்தும் விரலில் ஒட்டியது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். ஞாயிறு காலை மாடிக்குக் கொண்டுபோய்க் கடலைக்குப் பக்கத்திலேயே வெயிலில் சாய்த்து வைத்தேன்.

மூன்று மணிக்கு மாடியிலிருந்து அப்பாவின் குரல். “மழை வருது, எல்லாரும் மேல வாங்க!” அம்மாவும் தம்பியும் தார்ப்பாயோடு ஓடினார்கள்; நான் படத்தை எடுக்க ஓடினேன். காற்று, புழுதியையும் கடலைச் சருகையும் வாரி என் வானத்தில் அப்பியிருந்தது. படத்தை நெஞ்சோடு அணைத்து, தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினேன். “இங்கிட்டு ஒரு முனையப் பிடிம்மா!” என்று அப்பா கத்தியது கேட்டது. திரும்பவில்லை. பாதிக் கடலை நனைந்தது. பாதி மேகம் என் சட்டையில் இருந்தது.

சாயங்காலம் ஈரக் கடலையைக் கிளறிவிட்டு வந்த அப்பா, புழுதி படிந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இப்பப் பெய்யும்” என்றார். கிண்டல் என்று நினைத்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பள்ளியில் டீச்சர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

அந்தப் பொடி எழுத்தைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் பெரிதாக்கிப் படித்தேன். வெட்டவெளியில் நின்று, மழை விழுவதற்குள் அரை மணி நேரத்தில் வரைந்து பார்த்த படமாம் அது. அந்த அரை மணியைத்தான் நான் பதினெட்டு நாள் கட்டம் போட்டு வரைந்திருக்கிறேன். கடலை நனைந்த அன்றைக்கு எங்கள் மாடிக்கு மேலேயும் அதே மேகம், அடியில் போதுமான இருட்டோடு நின்றிருக்க வேண்டும். வீட்டில் மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள்.

பரண்மேல் இருக்கும் அந்தப் படம் தொட்டால் இன்னும் ஒட்டுகிறது. நல்லெண்ணெய் லேசில் காயாதாம்; இப்போது, காயக்கூடிய ஆளிவிதை எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். ஐப்பசியில் கடலை மாடிக்கு ஏறியதும் நானும் அட்டையோடு ஏறப் போகிறேன், போன் இல்லாமல். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக் கட்டிய பிறகு எத்தனை நிமிஷம் மிஞ்சுகிறதோ, அத்தனை நிமிஷத்துக்குள்.