அம்பகமுவப் பாறையில் ஒரு வரி

காலை ஏழரை மணிக்கு இலங்கை மலையகத்தின் ஹட்டனில் பஸ் ஏறினோம். அம்பகமுவவில் பதினோராம் நூற்றாண்டுச் சிங்கள மன்னன் விஜயபாகு வெட்டிவைத்த கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நான் புதுக்கோட்டைக்காரி. சித்தன்னவாசல் குகைக்கூரையில் தீட்டிய தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள். கல்லில் பழைய எழுத்து இருக்கிறது என்று கேள்விப்பட்டால் போகாமல் இருக்க முடிவதில்லை. துணைக்கு வந்த சரோஜா அக்கா எனக்குத் தூரத்துச் சொந்தம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்து, இன்று ஹட்டனில் ஆசிரியையாக இருப்பவர்.

கினிகத்தேனை வரை சுமார் இருபது கிலோமீட்டர் இறக்கம். தேயிலை குறையக் குறையக் குளிரும் குறைந்தது. அங்கிருந்து ஆட்டோவில் போனோம்.

பாறையில் பாசி படர்ந்திருந்தது. எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன. அங்குள்ள விகாரையின் இளம் பிக்கு ஒருவர் சிங்களத்தில் விளக்க, அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்.

"பாதமலைக்கு ஏறுறவங்க சாப்பாடில்லாம கஷ்டப்படுறத ராசா பார்த்தாராம். அவங்களுக்குச் சோறு போட ஊருகளையே எழுதி வச்சிட்டாராம்."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு நெகிழ்ச்சி. உச்சியில் பாதச்சுவடு உள்ள அந்தச் சிவனொளிபாதமலைக்கு ஆண்டு தவறாமல் ஏறியவர் அவருடைய அம்மா.

பிக்கு மேலும் பேசினார்.

"என்னக்கா சொல்றாரு?"

"உச்சியில பாதம் இருக்கில்ல, அதுக்குக் கீழ இன்னொரு மேடை கட்டினாராம். தாழ்ந்த சாதிக்காரங்க அங்க நின்னு கும்பிட."

பிக்கு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அது அந்தக் காலம் என்று மெல்லச் சொன்னார். அந்த வரி எது என்று அக்கா கேட்டார். பிக்கு விரலால் காட்டினார். எனக்குச் சுழிகள்தான் தெரிந்தன. சோறு போட்ட வரிக்கும் இதற்கும் உளி ஒரே ஆழத்தில்தான் இறங்கியிருந்தது. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

திரும்பும் பஸ் ஏறினோம். வட்டவளை தாண்டியதும் அக்கா தன் அம்மாவுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கேட்டது.

"அம்மா, மலைக்குப் போனப்ப எங்க நின்னு கும்பிட்டீங்க?"

"பாதத்துக்கிட்டயேதான்டி. கூட்டம் தள்ளுச்சு, நானும் தள்ளினேன். ஏன், யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலம்மா."

அக்கா சிரித்துவிட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தன்னவாசலிலும் ஒரு கல்வெட்டு உண்டு. பாண்டியர் காலத்தில் குகையைப் புதுப்பித்தவரின் புகழைப் பேசுவது. அந்தத் தாமரைக் குளத்தை அன்று யாரெல்லாம் உள்ளே வந்து பார்த்தார்கள் என்பது அதில் இல்லை. ஊருக்குப் போனதும் அந்தக் கேள்வியோடு முதலில் அங்கேதான் போக வேண்டும்.