ஐந்து கையெழுத்துகள்

சிங்கப்பூரில் எனக்கு இன்னும் பழகாதது, கையெழுத்தே இல்லாத அனுமதி. நான் இங்கே தங்குவதற்கான பாஸ் மகள் யமுனாவின் போன் திரையில் இருக்கிறது. ஆங் மோ கியோ வீட்டில் உட்கார்ந்து அதை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். "யார் கையெழுத்தும்மா?" என்றேன். "யாருதும் இல்லப்பா. கம்ப்யூட்டர்ல இருக்கு, போதும் லா. ஞாயித்துக்கிழமை மலேசியாவுல ஜொகூர் கல்யாணத்துக்கு வர்றீங்க. இந்தத் தடவையும் முதுகுவலின்னு சொல்லாதீங்க." ஆறு வருடங்களில் பதினான்கு சாக்கு சொல்லியிருக்கிறேன். ஜொகூருக்குக் கடற்பாலம் தாண்ட வேண்டும். அதுதான் காரணம் என்று ஒருமுறையும் சொன்னதில்லை.

லைபீரியாவின் உள்நாட்டுப் போரில், மன்ரோவியா நகரத்தில் நான் ஓர் அரிசிக் கிடங்கின் மேலாளர். அங்கிருந்தவரை நான் எண்ணிய அமைதி ஒப்பந்தங்கள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் வானொலி பாடும், கடைகள் திறக்கும், சில வாரங்களில் மறுபடி மூடும். அவற்றில் ஒன்றின்படி இடைக்கால அரசு அமைந்தது. சண்டையிட்ட ஐந்து குழுக்கள் அலுவலகங்களைப் பங்கிட்டுக்கொண்டன. கிடங்குக் காவலர் எமானுவேல், ஆற்றுக்கு அப்பால் சிக்கியிருந்த மனைவியையும் இரண்டு பெண்களையும் அழைத்துவரக் கிளம்பினார். அனுமதிக் காகிதத்தில், பாலத்தில் நிற்கும் குழுவின் கையெழுத்து மட்டும் போதும் என்றார். நான் விடவில்லை. எல்லாரும் சேர்ந்து ஆளும்போது எல்லாருடைய கையெழுத்தும் வேண்டாமா? ஆறு நாள் அலைந்து ஐந்தையும் வாங்கினேன். "முதலாளி, இதைக் காட்டினால் என் மாமியாரே கதவைத் திறந்துவிடுவாள்!" என்று சிரித்தார்.

அவர் லாரியில் புறப்பட்ட அன்று காலையே ஒப்பந்தம் முறிந்திருந்தது, எங்களுக்குத் தெரியாது. பாலத்தில் நின்றவர்கள் காகிதத்தில் எதிரிக் குழுக்கள் நான்கின் கையெழுத்தைக் கண்டார்கள். உளவாளி என்றார்கள். லாரி ஓட்டுநர் மட்டும் திரும்பி வந்து சொன்னார். எமானுவேல் கேட்டபடி ஒன்றோடு அனுப்பியிருந்தால், முதல் நாளே போய்க் குடும்பத்தோடு திரும்பியிருப்பார். அடுத்த ஒப்பந்தத்துக்கும் வானொலி பாடியது.

ஞாயிறு காலை, கடற்பாலத்தின் முனையில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி. எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர். என் முறைக்குச் சற்று முன் யமுனாவும் பேத்தியும் போனைக் காட்டினார்கள். கண்ணாடி வாயில் திறந்து, அவர்களை அப்பால் விட்டு மூடியது. கடவுச்சீட்டு கையில் இருந்தும் என் கால் நகரவில்லை. "அங்கிள், கோ லா, கோ!" என்றார் பின்னால் நின்ற சீனப் பெண்மணி. அதிகாரி ஒருவர் வந்து என்ன சிக்கல் என்று கேட்டார். "பாலத்தில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்?" என்றேன். "ஒரே கூட்டம், அங்கிள். ரெண்டு மணி நேரம் ஆகும்," என்றார் பணிவாக.

கண்ணாடிக்கு அப்பால் யமுனா திரும்பிப் பார்த்தாள். கையை வேகமாக அசைத்தேன். வீட்டுச் சாவி என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். நீங்கள் போங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன் என்கிறேன் என்று நினைத்திருப்பாள். சலிப்போடு தலையாட்டிவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்தை நோக்கி நடந்தாள்.

நான் அவர்களைத் திரும்பி வரச்சொல்லித்தான் கூப்பிட்டேன்.