ஊழியத்தில் ஒரு ஓய்வு நாள்

அமலாவுக்குச் சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் ஒரு கிளினிக்கில் வேலை. கணவர் ரமணன் செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறார். அவர் திருநீறு பூசுகிறவர், அவள் சர்ச்சுக்குப் போகிறவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதற்காக ஒரு சண்டையும் வந்ததில்லை. பாலிடெக்னிக்கில் படித்த ஒரே மகன் அகிலன் மட்டும் அம்மா பக்கம் சாய்ந்தான்.

சர்ச் மாணவர்கள் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குக் கிளம்பியபோது ரமணன் வேண்டாம் என்றார். அமலாதான் விடவில்லை.

"கிராமத்துப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கத்தானே போறான். போய்ட்டு வரட்டுங்க."

வகுப்பெல்லாம் முடிந்து, ஊர் திரும்புவதற்கு முன் குழுவுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தார்கள். எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள்.

மகன் வந்ததும் சமைக்க வேண்டும் என்று அன்று அமலா தேக்கா சந்தையில் கறிக்கடை முன் நின்றிருந்தாள். அகிலன் கடலில் மூழ்கிப்போனதைப் போனில் பாஸ்டர் சொல்லி முடித்தார். கடைக்காரர் இப்ராஹீம், "எலும்போடவாக்கா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிய பிறகுதான் ரமணனுக்குப் போன் செய்தாள்.

உடல் வந்து சேர்ந்தது. நம் முறைப்படிதான் காரியம் செய்ய வேண்டும் என்று ரமணனின் அண்ணன் துரைசாமி பிடிவாதம் பிடித்தார்.

"அவன் நம்பினபடியே போகட்டும்ண்ணே" என்றார் ரமணன்.

மண்டாய் தகனக் கூடத்தில் பாஸ்டர் பேசினார். "ஊழியக் களத்திலேயே கர்த்தர் இந்த மகனை அழைத்துக்கொண்டார்."

அமலா எழுந்தாள்.

"இல்ல பாஸ்டர். அன்னைக்கு லீவு. எம்புள்ள கடல்ல விளையாடப் போனான். அப்படியே சொல்லுங்க."

பாஸ்டர் பைபிளை மூடினார். பிறகு ஜெபம் மட்டும் செய்தார்.

சில வாரம் கழித்து, அகிலனோடு போயிருந்த சுஷ்மிதா வீட்டுக்கு வந்தாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"முழங்கால் தண்ணிலதான் ஆன்ட்டி நின்னோம். திடீர்னு அலை இழுத்துடுச்சு. அவனுக்கு ஸ்விம்மிங் தெரியாதுன்னு எங்க யாருக்குமே தெரியாது."

"கூப்பிட்டானாம்மா?" என்றார் ரமணன்.

"கையத் தூக்கினான் அங்கிள். சும்மா விளையாடறான்னு நெனச்சோம். நாங்களும் கையத் தூக்கிக் காட்டினோம்."

ரமணன் எழுந்து மகனின் அறைக்குப் போனார். அன்றிலிருந்து அங்கேயேதான் படுத்தார். சுஷ்மிதாவைத் தனியே அனுப்ப அமலாவுக்கு மனம் வரவில்லை. பஸ் ஸ்டாப் வரை கூடவே போனாள்.

நான் அப்போதே சொன்னேனே என்று கணவர் ஒரு நாளாவது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேட்கவே இல்லை. ஒரு நாள் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒரு தடவ திட்டிடுங்களேன்."

"திட்டினா வந்துடுவானா?" அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறு வருடம் சர்ச்சில் அடுத்த பயணத்தை அறிவித்தார்கள். அமலா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "லீவு விடுற நாள்ல புள்ளைங்கள யாரு பார்த்துக்குவீங்க?"

இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. மற்றவர்கள் அனுப்பினார்கள். குழு போய், பத்திரமாகத் திரும்பியும் வந்தது. நன்றி ஆராதனைக்கு அமலாவையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.