ஜாடிக்குள் இருந்த கை

லேத்தில் மரத்தைச் சுற்றவிட்டு, உளியால் குடைந்து ஜாடி செய்வதில் பெரிய தொல்லை, உளி உள்ளே என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஜாடியின் அடியைத் துளைத்திருக்கிறேன். இன்னொன்று வெடித்துப் பறந்து கூரையைப் பதம் பார்த்தது. அதையெல்லாம் யாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை.

லேத் இருப்பது அடையாறில், எங்கள் வீட்டு கார் ஷெட்டில். அன்று மதியம் நண்பன் வந்திருந்தான். திருவல்லிக்கேணியில் தையல்கடை வைத்திருப்பவன். நான் பூவரசங்கட்டையில் ஜாடி குடைந்துகொண்டிருந்தேன். வாய் ரொம்பக் குறுகல். மரச்சுருள் உள்ளே அடைத்துக்கொள்ளும். அடிக்கடி லேத்தை நிறுத்தி விரலால் தோண்டி எடுக்க வேண்டும்.

பாதியில் கரண்ட் போனது. ஜாடி வேகம் குறைந்து, சுற்றிச் சுற்றி நின்றது. "பாழாப்போன கரண்ட்!" என்று உளியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது.

சொம்போடு திரும்பினால், அவன் நான்கு விரலையும் ஜாடிக்குள் நுழைத்துச் சுருளைத் தோண்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு உதவியாம். அப்போது எதிர் ஃப்ளாட்டில் ஏசி உறுமியது. எதிர்வரிசைக்குக் கரண்ட் வந்தால் அடுத்த சில நொடிகளில் எங்களுக்கும் வந்துவிடும்.

சுவிட்சை நான் அணைக்கவே இல்லை. பழைய லேத். கரண்ட் வந்தால் அதுபாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

"கைய எடுடா!"

அவன் இழுத்தான். விரல் மாட்டிக்கொண்டது. "இர்ரா மச்சி, இன்னாத்துக்குக் கத்துற?"

சொம்பை எறிந்துவிட்டு ஓடினேன். சுவிட்ச் அவனுக்கு அந்தப் பக்கம். அவன் முதுகின் மேல் விழுந்து, எட்டித் தட்டி அணைத்தேன். தலைக்கு மேல் டியூப் லைட் மினுக்கி எரிந்தது. ஜாடி அசையவில்லை.

"ஒரு கட்டைல கீறல் வுழுந்துடும்னு இந்தக் கத்து கத்துறியே, நீயெல்லாம் இன்னா மனுஷன்டா?" என்றான்.

நடக்க இருந்ததைச் சொல்லியிருக்கலாம். சுவிட்சை அணைக்காமல் போன வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. "ஆமா, ஜாடி வாய் ஒடஞ்சிட்டா மறுபடி யார் செய்யறது?" என்றேன்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. மெல்லத் திருகித் திருகி விரல்களை வெளியே எடுத்தான். வண்டியிலிருந்து ஒரு பையை எடுத்துவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பிரித்துப் பார்த்தேன். எனக்காக அவன் கையால் தைத்த சட்டை.