இருநூற்று நாற்பது கொக்கி டேக்

கூட்டத்தில் நாலே பேர். நான் இருந்தேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் தமிழில் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் இணையதளம் ஒன்று உண்டு. அதை நடத்தும் மேடம் வேலூரிலிருந்து வந்திருந்தார். களம்பூரில் அரிசி மில் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதும் ஒருவர் இருந்தார். நாலாவது ஆள் என் நண்பன். பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன், என்னைவிட ஆறு வயது சின்னவன். அவ்வளவுதான். ஞாயிறு காலை, ஆரணியில் ஒரு ஹோட்டல் மாடி.

நான் படித்தது எட்டாவது. தறி ஓட்டினேன். தறிக்கு மேலே உட்கார்ந்து, கொக்கிகளால் இழையைத் தூக்கி டிசைன் விடும் பெட்டி ஜக்கார்டு. முன்பு ஓட்டை போட்ட அட்டையில் ஓடியது. இப்போது கொக்கிக்கு ஒன்றாகக் கரண்டு காயிலில் ஓடுகிறது, காயிலைச் சின்ன போர்டு ஓட்டுகிறது, போர்டுக்குப் புரோகிராம் வேண்டும். என் பெட்டி நின்றுபோனபோது பார்க்க ஆள் இல்லை. நானே கற்றுக்கொண்டேன். பிறகு அந்த இணையதளத்தில் பதில் எழுத ஆரம்பித்தேன்.

கேள்விக்கு அடியில் ஒட்டுகிற சீட்டுதான் டேக். அதைத் தொட்டால் அந்த விஷயம் மட்டும் வரும். நான் ஒட்டியது '240-கொக்கி-ஜக்கார்டு'. 480 கொக்கிப் பெட்டி வேறு. அதற்கு எழுதிய புரோகிராம் காயிலுக்குக் கூடுதல் நேரம் கரண்டு விடும். 240இல் இருப்பது பழைய காயில். தாங்காது, கருகிவிடும். அதனால்தான் எண் போட்டேன்.

மேடம் ஒரு பட்டியலை எங்கள் முன் வைத்தார். இருபது கேள்விக்குக் குறைவாக உள்ள டேக் எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றையும் 'மைக்ரோகண்ட்ரோலர்' என்ற பெரிய டேக்கில் சேர்த்துவிடலாமா என்பதுதான் பேச்சு. என் டேக்கில் பதினொரு கேள்வி.

மில்காரர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "தறிக்கு ஒண்ணு, கொக்கிக்கு ஒண்ணு. நாளைக்கி தறிக்காரு மச்சானுக்கும் ஒரு டேக் போடுவீங்களா?"

"மச்சான் கேள்வி கேட்டா போடறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். "ஓசூர்ல ஒருத்தரு பொட்டலம் கட்ற மெஷின் வெச்சிருப்பாரு. அவருக்கும் இதே காயில் பிரச்சனை. கொக்கின்னு தேடுவாராங்க அவரு? உங்க பதில் அவருக்குக் கெடைக்காமலே போயிடுதே."

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் சொன்னேன்.

"எங்க ஆளுங்க அங்க வந்து கேக்க மாட்டாங்க மேடம். எனக்குப் போன் பண்ணுவாங்க. நான் டேக் லிங்க் அனுப்புவேன். தொட்டுப் பாத்துக்கினு வேலய முடிச்சிடுவாங்க. கேள்வி பதினொண்ணுதான். பாக்கறவங்க நெறய."

ஒருவர் சொல்லிக்கொடுத்ததைப் பொதுவில் இன்னொரு முறை கேட்டால், சொன்னவரை நம்பவில்லை என்று அர்த்தம். எங்கள் தெருவில் அப்படித்தான். நானும் யாரிடமும் அங்கே போய்க் கேளுங்கள் என்று சொன்னதில்லை. அது என் தப்பு.

மேடம் யோசித்தார். பிறகு என் நண்பன் பக்கம் திரும்பினார். "நீங்களும் இந்த ஊருதானே. நீங்க சொல்லுங்க. தேவையா இது?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. காலையில் அவன் வண்டியில்தான் வந்தேன். வழியில் சொல்லியிருந்தான்: "நான் பேசறேண்ணா. நீ சும்மா குந்திகினு இரு." போர்டு என்றால் என்னவென்று அவனுக்குக் காட்டியது நான். அவன் முதல் பதிலை எழுதியதும் இந்த டேக்கில்தான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "சின்ன டேக்குதாங்க. எடுத்துடலாம்" என்றான்.

கை தூக்கச் சொன்னார்கள். மூன்று கை.

மேடம் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். "வருத்தப்படாதீங்க. தலைப்புல 240ன்னு எழுதிக்கலாம்." பிறகு என் நண்பனைக் காட்டினார். "ஊர் நெலம தெரிஞ்சவருன்னுதான் பட்டியலயே இவரப் போடச் சொன்னேன்."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

படி இறங்கும்போது அவனிடம் கேட்டேன். "வண்டில வரும்போதே தெரியுமா?"

"தெரியும்ணா."

"அப்பறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"சென்னைல வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கினு இருக்கேண்ணா. சைட்ல என் பக்கத்தத் தொறந்தா மொதல்ல கொக்கி கொக்கின்னு வருது. இன்டர்வியூல ஒருத்தன் மீன் புடிக்கிறியான்னு கேட்டான். சேத்துட்டா என் பதிலுங்க எல்லாம் மைக்ரோகண்ட்ரோலர் கணக்குல வந்துடும். உனக்கு இன்னாணா, நீ எந்த இன்டர்வியூக்குப் போவப் போற?"

நான் போகப் போவதில்லை. அது உண்மை. என்னிடம் கேட்டிருந்தால் நானே கை தூக்கியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. குந்திகினு இரு என்றான். இருந்தேன்.

வண்டியைக் கிளப்பி, ஏறுண்ணா என்றான். வேண்டாம் என்று நடந்தேன்.

மறுநாள் டேக் போய்விட்டது. பழைய லிங்க் பெரிய டேக்கைத் திறந்தது. பதினொன்றுக்கும் தலைப்பில் 240 எழுதினேன். ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு நடுவே அவை அடியில் கிடந்தன. லிங்க் அனுப்பியவர்களில் ஞாபகம் இருந்தவர்களுக்குப் போன் செய்து சொன்னேன். எல்லோரும் ஞாபகத்தில் இல்லை.

பத்து நாள் கழித்துக் காலையில் ஒரு போன். கண்ணமங்கலத்துக்காரர். போன வருஷம் அவருக்கு லிங்க் அனுப்பியிருந்தேன்.

"அண்ணா, நீ அனுப்பினதத் தொட்டு மேல இருந்தத எடுத்து ஏத்தினேன். பொட்டில பொக வருது."

"ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"மேல இருந்தது எத்தன கொக்கிப் பொட்டிக்கு?"

திறந்து படித்துப் பார்த்தார். "நானூத்தி எண்பதுன்னு போட்டுகிது. நீ அனுப்பினதாச்சேன்னு நான் பாக்கலண்ணா."

அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"மூடியக் கழட்டு. எத்தன காயில் கருகியிருக்குன்னு எண்ணு."

போனைக் கீழே வைக்காமலே எண்ணினார். ஒவ்வொன்றாக, சத்தமாக.

முப்பத்தேழு.