தீனி டப்பா

முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டால் மீன் தொட்டியின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார் மருந்துக்கடை அக்கா. எங்கள் மாடியில் எல்லோருக்கும் அவர் மருந்துக்கடை அக்காதான். நாள் முழுக்கக் கல்லாவில் நின்றே வேலை. கால் வீங்கித்தான் வீடு திரும்புவார். ஆனாலும் காலையில் காபி கூடத் தொட்டிக்குப் பிறகுதான். "உயிரோட இருந்தப்பகூட இந்தக் கார்டு இவ்வளவு வேலை செஞ்சதில்ல" என்பார், பச்சை வழுவழுப்பை வாளியில் உதறிக்கொண்டே.

சுரண்டிய கண்ணாடியில் இரண்டொரு நாளில் மறுபடி பாசி படர்ந்துவிடும். செடிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இலையெல்லாம் ஓட்டை, ஓரமெல்லாம் கறுப்பு மயிராய்ப் பாசி. தண்ணீர் மாற்றும் நாளில் குழாயின் மறுமுனையைப் பிடிக்க எதிர்வீட்டுக்காரனான என்னைக் கூப்பிடுவார். எனக்கு அந்த வேலை பிடிக்கவே பிடிக்காது. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது.

தொட்டிக்கு எதிரே நாற்காலியில் அவர் கணவர். லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிச்சமிருக்கும் இடது கை செய்கிற ஒரே வேலை, மீனுக்குத் தீனி போடுவது. அதைக் காலையிலிருந்து இருட்டும்வரை செய்யும். மீன்கள் தின்று மீந்ததெல்லாம் அடியில் மக்கி, பாசிக்கு விருந்தாகிறது.

மீன் கடைக்காரர் விளக்கை மாற்றச் சொன்னார், செடிக்கு உரம் விற்றார், எல்லாம் விற்று முடிந்தபின் உண்மையைச் சொன்னார்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் போட்டால் எந்த வைத்தியமும் பலிக்காது. அக்கா தீனி டப்பாவை ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றிவிட்டார்.

கொஞ்ச நாளில் தண்ணீர் தெளிந்தது. செடியில் தளிர்கூட விட்டது. குழாய் பிடிக்கும் வேலை குறைந்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. ஆனால் நாற்காலிக்காரர் தொட்டிப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். கையை மடியில் போட்டபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்துக் கொடுத்துப் பார்த்தார் அக்கா. வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை. சோறு ஊட்டப் போன கரண்டியையும் அந்தக் கை தட்டிவிட்டது.

தொட்டியை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடும்மா, உனக்கு எதற்கு இந்தப் பாடு என்று மகள் போனில் சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அக்காவின் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"குடுத்துடலாம் தம்பி. அப்புறம் அவருக்கு நான் என்ன வேலை குடுக்கிறது?"

நேற்று நான் போனபோது டப்பா கீழே இறங்கியிருந்தது. அக்கா மூடியைத் திருகித் திறந்து, டப்பாவைக் கணவரின் இடது கையில் வைத்து, நாற்காலியைத் தொட்டியோடு ஒட்டி நகர்த்தினார். அவர் டப்பாவைச் சாய்த்தார். தண்ணீர்மேல் கொஞ்சம் உதிர்ந்தது. உடனே கையை நிறுத்திக்கொண்டு, தப்பு செய்துவிட்டவர் மாதிரி மனைவியைப் பார்த்தார்.

அக்கா குனிந்து, டப்பாவின் அடியில் தானே இரண்டு தட்டுத் தட்டிவிட்டார்.