நண்பகல் மணியும் ஒரு லிங்க்கும்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பற்றியே நான்கு தெருவில் விசாரித்தவள் நான். துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டு ஆபீஸில் லினக்ஸ் சர்வரைக் கட்டி மேய்க்க இந்தக் குணம் தோதுதான்.

அந்த வாரம் ஒரே கோப்பு இரண்டு தடவை பாழாகிப்போனது. எந்தப் பெட்டியை வெளியே விட யாருக்கு அனுமதி என்று சொல்லும் கோப்பு. அது கெட்டால் கேட்டில் கம்ப்யூட்டர் சோதனை நின்றுவிடும். கையால் எழுதிய சீட்டை நம்பி லாரியை விடுவார்கள். அந்தக் குழப்பத்தில் எதுவும் வெளியே போகலாம்.

தோண்டிப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் நண்பகலில் ரூட் அதிகாரத்தோடு, அதாவது எந்தக் கோப்பிலும் கைவைக்கும் அதிகாரத்தோடு, ஓடும். பொது ஃபோல்டரில் இன்ன பெயரில் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால், அன்றைய பெட்டிக் கணக்கைத் திரட்டி வந்து அதே பெயரில் எழுதும். பழைய மெஷின், திரட்டுவதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். அந்த இடைவெளியில் யாரோ அதே பெயரில் சிம்பாலிக் லிங்க் ஒன்றைப் போட்டிருந்தார்கள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அப்படி. லிங்க் வெறும் கைகாட்டி. இது கை காட்டியது அனுமதிக் கோப்பை. இடம் காலி என்று நம்பி ஸ்கிரிப்ட் எழுதியதெல்லாம் அந்தக் கோப்பின் தலையில் விழுந்தது. ரூட்டை யார் தடுப்பது?

லிங்க்குக்குச் சொந்தக்காரர் பெயரும் கூடவே இருந்தது. டாக்குமென்ட் பிரிவில் வேலை பார்க்கும் திரேஸ்புரத்துக்காரர். வீட்டில் மனைவி நிறைமாதம். மேனேஜர் அன்றைக்கே அவரை வேலையைவிட்டு அனுப்பச் சொன்னார். எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பன்னெண்டு மணிக்கு நான் சீட்டுலயே இருக்க மாட்டேன்க்கா. மாதா கோயில் மணி அடிக்கும்லா, அங்கன ஜன்னல் பக்கம் போய் கண்ண மூடி திரிகால செபம் சொல்லுவேன். எல்லாருக்கும் தெரியும்."

சர்வர் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் எனக்குத் தெரியாது. கையும் களவுமாகப் பிடிபட்டவன்தான் முதலில் சாமியை இழுப்பான் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் மேனேஜரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

மறுநாள் சர்வர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். மணி அடித்தது. அவர் ஸ்கிரீனைப் பூட்டாமல் எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். கண்கள் மூடின. அப்போது, கேட்டில் கையால் சீட்டு எழுதும் யார்டு சூப்பர்வைசர் உள்ளே வந்தார். வாரம் தவறாமல் எங்களுக்கு மக்ரூன் வாங்கி வருபவர், அந்த ஆபீஸில் நான் சந்தேகப்படாத ஒரே மனுஷர். மக்ரூன் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நின்றபடியே கீபோர்டில் கைவைத்தார்.

கதவைத் திறந்தேன். "அண்ணாச்சி, கைய எடுங்க."

"பிரிண்ட் எடுக்க வந்தேம்மா" என்றார். அனுமதிக் கோப்பின் பெயரோடு, லிங்க் போடும் ஒற்றை வரி ஸ்கிரீனில் அப்படியே நின்றது. செபம் பாதியில் நிற்க, அவர் திரும்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாயங்காலம் சூப்பர்வைசரை அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டுப் பிறகு எழுதும் வழக்கத்தை ஸ்கிரிப்டிலிருந்து எடுத்தேன். இப்போது ரூட் மட்டும் நுழையும் ஃபோல்டரில் எழுதும். அந்தப் பெயரில் ஏற்கெனவே எது இருந்தாலும் எழுத மறுத்துவிடும்.

திரேஸ்புரத்துக்காரருக்கு வேலை நிலைத்தது, பெண் குழந்தையும் பிறந்தது. மணி அடித்தால் இன்றும் எழுந்து போகிறார். ஆனால் ஸ்கிரீனைப் பூட்டிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி செபம் சொல்கிறார்.

மனசு கேட்காமல் ஒருநாள் சொன்னேன். "ஓட்டையை அடைச்சாச்சு. இனிமே பயமில்ல, கண்ணை மூடிக்கோங்க."

அவர் சிரிக்கவில்லை.

"கண்ண மூடிக்கோன்னு யாரு சொல்லுதாங்களோ, அவங்க மேலதான்க்கா இப்ப எனக்கு முதல்ல சந்தேகம் வருது."